மீன்பிடியில் பாப்பிங், ஜிக்கிங் இரண்டுக்கும் ஒரே ரீல் ஓடுமா?

நண்பர்களே, முட்டுக்காட்டில் கொடுவா மீனுக்கு லூர் (செயற்கை இரை) வீச 9 அடி ராடும் (தூண்டில் கழி) 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீலும் (லைன் சுற்றும் கருவி) இருக்கிறது, அதில் குறையில்லை. இப்போது தூத்துக்குடியில் படகேறி பாரை மீனுக்கு பாப்பிங் (பாப்பர் என்ற மிதக்கும் லூரை நீர்மட்டத்தில் வெட்டி வெட்டி இழுப்பது), அப்புறம் ஆழத்தில் ஜிக்கிங் (ஜிக் என்ற கனமான உலோக லூரை இறக்கி மேலும் கீழும் ஆட்டுவது) இரண்டும் செய்ய ஆசை. பாப்பருக்கு நீள ராட், ஜிக்குக்கு 6 அடி குட்டை ராட், சரி, ராட் இரண்டு வாங்கித்தான் ஆக வேண்டும். ரீல் மட்டும் 8000 சைஸில் ஒன்று, பிஇ 5 தடிமனில் பிரெய்டு (பின்னல் லைன்) சுற்றி, மாற்றி மாற்றிப் போட்டால் ஓடுமா? பாப்பர் இழுக்கும்போது தளர்கிற லைனைச் சட்டென்று சுற்ற ஹை கியர் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு அதிக லைன் சுற்றுவது) நல்லது, ஆனால் ஆழத்திலிருந்து கனமான மீனை ஏற்ற லோ கியர்தானே கைக்கு இதம்? உப்புத் தண்ணீர் உள்ளே இறங்காததாக வேண்டும், ஷிமானோ சாரகோசாவா, பென் ஸ்லாமரா? ஷிமானோவின் விலை உயர்ந்த ஸ்டெல்லா வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டில் சோறு கிடைக்காது. கையில் வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.