எழும்பூர் – கன்னியாகுமரி டிக்கெட்டில் மதுரையில் இறங்கி ஏறலாமா?

நெல்லிமரம்:
வணக்கம். 67 வயதான அம்மாவை ஸ்லீப்பரில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகிறேன். வழியில் மதுரையில் பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு, அதே டிக்கெட்டில் மீதித் தூரம் போகலாம் என்பது திட்டம். 500 கி.மீ.க்கு மேற்பட்ட டிக்கெட்டில் நடுவழியில் ஒரு தடவை இறங்கி ஏறலாம், அதற்குப் பெயர் 'பிரேக் ஜர்னி' என்று அப்பா சொல்வார். எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி 740 கி.மீ. அளவில் வருகிறது. ஆனால் கவுண்டரில் கேட்டதற்கு "மதுரைக்குக் கிடையாது" என்று சொன்னார்கள். எனக்குப் பின்னால் நீள வரிசை, காரணம் கேட்க மனம் வரவில்லை. அந்த விதியையே எடுத்துவிட்டார்களா?

சன்னலோரம்:
விதி இருக்கிறது. அப்பா சொன்னதும் சரிதான், ஆனால் அது பாதி. மீதிப் பாதி இது: ஏறிய ஸ்டேஷனிலிருந்து 500 கி.மீ. கடந்த பிறகுதான் முதல் தடவை இறங்கலாம். எழும்பூரிலிருந்து மதுரை 500-ஐத் தொடுவதற்குச் சில கி.மீ. முன்னாலேயே வந்துவிடுகிறது. அந்தச் சில கிலோமீட்டர்தான் உங்களைத் தடுக்கிறது.

இன்னொரு விசித்திரம் பாருங்கள். இதே டிக்கெட்டை கன்னியாகுமரியிலிருந்து எழும்பூருக்கு எடுத்தால் மதுரை மட்டுமல்ல, திருச்சியும் 500-க்குள் அடங்கிவிடும். விருத்தாசலம், விழுப்புரம் வந்தால்தான் இறங்கலாம். பாதை ஒன்றுதான், டிக்கெட்டும் ஒன்றுதான். போகும்போது ஓர் ஊர், வரும்போது வேறோர் ஊர்.

தங்கும் நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் குழம்புகிறார்கள். இரண்டு நாள் என்றால் வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேராது. வியாழக்கிழமை இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறலாம். 1,000 கி.மீ.க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு இரண்டு தடவை உண்டு. ராஜதானி, சதாப்தி, ஜன் சதாப்தியில் இந்த வசதி கிடையாது.

நெல்லிமரம்:
இப்போது புரிகிறது, மிக்க நன்றி. யாரும் எண்ணப் போவதில்லை என்று மதுரையிலேயே இறங்கிவிட்டால் என்ன ஆகும்?

சன்னலோரம்:
வேண்டாம். அனுமதி இல்லாத இடத்தில் பயணத்தை முறித்தால் மீதித் தூரத்துக்கு அந்த டிக்கெட் செல்லாது. அடுத்த வண்டியில் பரிசோதகர் கேட்டால் டிக்கெட் இல்லாதவர் கணக்குத்தான். அம்மாவை வைத்துக்கொண்டு அந்தச் சங்கடம் எதற்கு?

கரிசல்காட்டான்:
மதுரைக்கு அடுத்த பெரிய ஸ்டேஷன் எங்கள் விருதுநகர். 40 கி.மீ.க்குச் சற்று அதிகம், 500-ஐத் தாராளமாகத் தாண்டிவிடும். அங்கே இறங்கி, பஸ்ஸில் திரும்பி மதுரைக்குப் போய்த் தங்கிவிட்டு, மறுபடி விருதுநகர் வந்து ரயில் ஏறுங்கள். விதிப்படி சுத்தமான பயணம்.

நானே 2009-இல் இப்படிச் செய்திருக்கிறேன். இறங்கியதும் டிக்கெட்டை ஸ்டேஷன் மாஸ்டரிடம் நீட்ட வேண்டும். அவர் பின்பக்கம் ஸ்டேஷன் குறியீடு, தேதி, சுருக்கொப்பம் போட்டுத் தருவார். இந்த மேலெழுத்து இல்லாமல் வெளியே வராதீர்கள். என் டிக்கெட்டில் நீல மையில் 'வி.பி.டி.' என்று எழுதினார். விருதுநகர் ஆங்கிலத்தில் 'வி.என்' என்றல்லவா வர வேண்டும் என்று கேட்டேன். "பழைய பேர் விருதுபட்டி தம்பி, ஊர் பேரு மாறிடுச்சு, குறியீடு மாறல" என்றார். அந்த மூன்று எழுத்துக்காகவே டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இன்றுவரை வைத்திருக்கிறேன்.

பொன்னி நதி:
கரிசல்காட்டான் அண்ணே, உங்கள் வழி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் 67 வயது அம்மாவுக்கு ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பும் பஸ் பயணம் கஷ்டம். நெல்லிமரம், எழும்பூர் – மதுரை ஒன்று, மதுரை – கன்னியாகுமரி ஒன்று என்று இரண்டு டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள். தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான கட்டணம் இறங்கிக்கொண்டே போகும், அதனால் ஒரே டிக்கெட்டைவிட இது கொஞ்சம் கூடுதலாக வரும். அந்தப் பணத்துக்கு அம்மாவின் முழங்கால் மிச்சம். எடுக்கும்போது வயதைச் சரியாகப் போடுங்கள்: 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ் படுக்கை ஒதுக்கீடு உண்டு. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள், 2020 மார்ச்சில் நிறுத்தியது.

திரும்பி வருவது எப்படி? அதே வழியா?

நெல்லிமரம்:
அது முடிவாகவில்லை. அம்மாவுக்குத் திருவனந்தபுரமும் பார்க்க ஆசை. கோயம்புத்தூரில் தங்கை இருக்கிறாள்.

பொன்னி நதி:
அப்படியானால் உங்களுக்கு வேண்டியது வேறு டிக்கெட்! 'சர்க்குலர் ஜர்னி டிக்கெட்', அதாவது சுற்றுப்பயண டிக்கெட். புறப்பட்ட ஸ்டேஷனிலேயே வந்து முடிய வேண்டும். நடுவில் எட்டு இடங்கள் வரை இறங்கலாம். எழும்பூர், மதுரை, கன்னியாகுமரி, திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோயம்புத்தூர், மறுபடி சென்னை என்று ஒரே டிக்கெட். மொத்தம் சுமார் 1,700 கி.மீ. அதைப் பாதியாக்கி, இரண்டு ஒருவழிப் பயணமாகக் கட்டணம் போடுவார்கள். தனித்தனித் துண்டாக எடுப்பதைவிட இதுதான் லாபம். டிக்கெட் செல்லுபடியாகும் நாளும் தூரத்தை வைத்துத்தான்: பயணம் செய்யும் நாளுக்கு 400 கி.மீ., தங்கும் நாளுக்கு 200 கி.மீ. என்று கணக்கிடுவார்கள்.

2018-இல் நானும் என் வீட்டுக்காரரும் திருச்சியிலிருந்து இப்படி ஒரு சுற்று போனோம். நோட்டுத்தாளில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிக் கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். ஒன்பது இடங்கள் எழுதியிருந்தேன். அங்கிருந்தவர் பென்சிலால் ஒவ்வொன்றாக எண்ணி, "ஒண்ணை எடுத்துருங்கம்மா" என்றார். எதை விடுவது என்று அங்கேயே நின்று இருவரும் கால் மணி நேரம் பேசினோம். கடைசியில் ஷொர்ணூரை அடித்தோம், இன்னும் அந்த ஊரைப் பார்க்கவில்லை. அவர்கள் தூரத்தைக் கணக்கிட்டு ஒரு படிவம் தருவார்கள். அதைப் புறப்படும் ஸ்டேஷனின் புக்கிங் ஆபீசில் கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும். பிறகு அந்த டிக்கெட்டோடு ரிசர்வேஷன் ஆபீசுக்குப் போய் ஒவ்வொரு கட்டத்துக்கும் படுக்கை பதிய வேண்டும். ரிசர்வேஷன் கட்டணம் தனி.

இரண்டு மூன்று தடவை அலைய வேண்டியிருக்கும். பாதிப் பேர் இந்த டிக்கெட்டின் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள், அது எனக்கு வருத்தம்.

கரிசல்காட்டான்:
ஒரு விஷயம் கவனியுங்கள். கன்னியாகுமரி வண்டி எழும்பூரில் கிளம்பும். கோவையிலிருந்து வரும் வண்டிகள் பெரும்பாலும் சென்ட்ரலில் போய் நிற்கும். சென்னை ஒன்றானாலும் ஸ்டேஷன் இரண்டு. பயணத் திட்டம் கொடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

சன்னலோரம்:
சரியான கேள்வி. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். அதனால் படிவ வேலையை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள், கடைசிக் கட்டப் படுக்கை தவறிவிடக் கூடாது.

நெல்லிமரம்:
அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். எட்டு இடம் என்றதும் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டார். இதுவரை ஆறு ஊர். விருதுநகரும் இருக்கிறது, அந்த 'வி.பி.டி.'யை அவர் பார்க்க வேண்டுமாம். திங்கட்கிழமை கோட்ட அலுவலகம் போகிறேன். எழும்பூர் – சென்ட்ரல் விஷயத்தில் என்ன சொல்கிறார்கள் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.