புதன்கிழமையே பிடிச்சு வச்சா, வெள்ளிக்கிழமை 7 மணிக்கு எழுந்து என்ன பயன்?

கூடாரவாசி:
பக்கத்து இழையில் இரட்டைஅச்சு இப்படி எழுதியிருக்கார்: “கலிபோர்னியாவுல ஜூலை வார இறுதிக்கு கேம்ப்சைட் கிடைக்கலைன்னு புலம்புறவங்க சோம்பேறிங்க. ஆறு மாசம் முன்னாடி காலை 7 மணிக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் (மத்திய அரசோட முன்பதிவுத் தளம்) முன்னாடி உட்கார்ந்தா போதும்.” படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. ஜூலை 10 வெள்ளிக்கு, ஜனவரி 10 காலை 7 மணிக்கு உட்கார்ந்து பாருங்க. பைன்கிரெஸ்ட் மாதிரி ஏரிக்கரை இடங்கள்ல அந்த ராத்திரி ஏற்கெனவே போயிருக்கும். ஜனவரி 8 அன்னைக்கே யாரோ புதன் முதல் ஞாயிறு வரை பிடிச்சிருப்பாங்க. ஆறு மாசக் கணக்கு நாம போய்ச் சேர்ற முதல் நாளுக்கு மட்டும்தான், அடுத்த ராத்திரிகள் அதே புக்கிங்ல கூடவே வந்துடும். இதுல சோம்பல் எங்கே வந்தது?

இரட்டைஅச்சு:
விதி தெரிஞ்சும் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தா அது யார் தப்பு? நீங்களும் புதன்ல இருந்து பிடிங்க. முந்தின நாளே லாகின் பண்ணி, கார்டு விவரத்தைச் சேமிச்சு வைங்க. அஞ்சு சைட் நம்பரைக் குறிச்சு, ஒவ்வொண்ணுக்கும் வண்டி நிறுத்துற டிரைவ்வே நீளம் பார்த்துக்கணும். 7 அடிச்சதும் முதல் நம்பர் ஷாப்பிங் கார்ட்ல விழுந்தா, பணம் கட்ட 15 நிமிஷம் இருக்கு. புக் பண்ணி 18 நாள் போனதும் முன்னாடி இருக்கிற புதன், வியாழனை வெட்டிடுங்க. மாத்துறதுக்கு 10 டாலர். முடிஞ்சது வேலை.

கூடாரவாசி:
நல்லாக் கேட்டுக்கோங்க மக்களே, அவரே வாயால சொல்லிட்டார். புக் பண்ணின 18 நாளுக்குள்ள மாத்தக் கூடாதுங்கிற தடையை வச்சதே இந்தத் தில்லுமுல்லை நிறுத்தத்தான். அதையும் நாள் எண்ணித் தாண்டுறதுக்குப் பேரு சுறுசுறுப்பாம்!

இரட்டைஅச்சு:
தில்லுமுல்லுன்னு எந்த விதியில இருக்கு? 18 நாளுக்கு முன்னாடி மாத்தக் கூடாதுங்கிறாங்க, நான் மாத்தல. 18 நாளுக்கு அப்புறம் மாத்தலாங்கிறாங்க, மாத்துறேன். புதனும் வியாழனும் அஞ்சு மாசத்துக்கு மேல முன்னாடியே திரும்பப் போயிடுது, வேற ஒருத்தர் எடுத்துக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

கூடாரவாசி:
வெள்ளி, சனி உங்க கையிலயே இருக்கே, அதுதான் நஷ்டம். வேலைக்குப் போற குடும்பம் வெறும் புதன், வியாழனை வச்சு என்ன பண்ணும்?

கடலோரம்:
ரெண்டு பேரும் பைன்கிரெஸ்ட்டையே சுத்துறீங்க. யோசெமிட்டி பள்ளத்தாக்குல இந்தப் புதன்கிழமைத் தந்திரம் வேலைக்கே ஆகாது. அங்கே இருக்கிற அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ் முகாம் ரெண்டுக்கும் முன்பதிவு தினமும் ஒவ்வொரு நாளாத் திறக்காது, ஒரு மாசம் மொத்தமாத் திறக்கும். பிப்ரவரி 15 காலை 7 மணிக்கு ஜூலை 15ல இருந்து ஆகஸ்ட் 14 வரை எல்லா ராத்திரியும் ஒண்ணா வரும். அங்கே எல்லாருக்கும் ஒரே தொடக்கக் கோடு. மாநிலப் பூங்காக்களுக்கு ரிசர்வ் கலிபோர்னியாங்கிற தளம் தனி, அங்கே 8 மணி. ஒரு சேதி, அப்பர் பைன்ஸ்ல ட்ரெய்லர் (வண்டி பின்னாடி இழுத்துட்டுப் போற படுக்கை வண்டி) 24 அடிக்கு மேல போகக் கூடாது.

இரட்டைஅச்சு:
மாசக்கட்டுலயும் புதன்ல இருந்து எடுக்கிறவங்களுக்குத்தான் தேர்வு அதிகம். நீளம் பத்திக் கவலை வேண்டாம், என்னுது 24தான்.

ஹிட்ச்பால்:
மாடல் பேர்ல 24ன்னு ஒட்டியிருந்தா ட்ரெய்லர் 24 அடி ஆயிடுமா அண்ணே? அந்த எண் பெரும்பாலும் பெட்டியோட நீளத்தைச் சொல்றது. இழுவண்டியில மாட்டுற முன்முனை, அதான் கப்ளர், அதுல இருந்து பின்பம்பர் வரை டேப் பிடிங்க. பெட்டிக்கு முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற நாக்கு மட்டுமே மூணு, நாலு அடி வரும். அந்த ஏ வடிவச் சட்டத்துல ரெண்டு புரொப்பேன் சிலிண்டர், பேட்டரிப் பெட்டி, ஜாக் எல்லாம் உட்கார்ந்திருக்கே, அதை வீட்லயா விட்டுட்டு வருவீங்க? பின்னாடி ஸ்டெப்னி, சைக்கிள் ராக் இருந்தா இன்னும் நீளும்.

இரட்டைஅச்சு:
நாக்கு சைட்டுக்குள்ள இடத்தை அடைக்காது, அது மேல எதுவும் இல்ல. பெட்டிதான் கணக்கு.

ஹிட்ச்பால்:
இப்பத்தானே சொன்னேன், சிலிண்டரும் பேட்டரியும் அது மேலதான் இருக்குன்னு! கழட்டி நிறுத்தினாலும் நாக்கு அங்கேயேதான் கிடக்கும், அதுக்கு முன்னாடி இழுவண்டியும் நிக்கணும். அப்பர் பைன்ஸ்ல பல சைட் குட்டை, ரெண்டு பக்கமும் மரம். பின்னாடி எடுக்கும்போது ட்ரெய்லர் வால் ஒரு பக்கம் திரும்பினா வண்டி மூக்கு எதிர்ப்பக்கம் வீசும், பாதை அகலம் அதுக்குப் பத்தாது. முன்பக்கம் பாதையில நீட்டிக்கிட்டு நின்னா ரேஞ்சர் வந்து எடுக்கச் சொல்லுவார். இவருக்கு இதெல்லாம் புதுசு இல்ல. டங் வெயிட், அதாவது நாக்கு இழுவண்டி மேல அழுத்துற எடை, ட்ரெய்லரோட மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் இருக்கணும்னு நான் சொன்னப்பவும் “5 போதும்”னு மல்லுக்கட்டினவர்தான்.

இரட்டைஅச்சு:
அந்தப் பஞ்சாயத்தை இங்கே இழுக்காதீங்க தம்பி. அங்கே படகு ட்ரெய்லரைச் சொன்னேன். கேள்வி இடம் பிடிக்கிறது பத்தி. அதுக்கு இதுவரைக்கும் வேலை செய்யிற வழி சொன்னது நான் ஒருத்தன்தான். புதன்ல இருந்து பிடி. திரும்பவும் சொல்றேன், புதன்.

பாண்டி லிவர்மோர்:
வெட்டாமலே விடுறவங்களைப் பத்தி யாரும் பேசலையே? புதன், வியாழனுக்கும் பணம் கட்டிட்டு வெள்ளி சாயங்காலம்தான் வருவாங்க, ரெண்டு ராத்திரி சைட் காலியாக் கிடக்கும். அவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: வர்ற நாளுக்கு மறுநாள் செக்அவுட் நேரம் வரைதான் சைட்டை வச்சிருப்பாங்க. புதன் புக்கிங்குக்கு வியாழன் மதியத்தோட கதை முடிஞ்சுடலாம். வரவே இல்லைன்னு (நோ-ஷோ) போட்டா 20 டாலரும் முதல் ராத்திரிக் காசும் போகும், மிச்ச நாளும் கைவிட்டுப் போகும்.

இரட்டைஅச்சு:
பணம் கட்டின இடம் அவங்களுது. போன் பண்ணித் தாமதமா வர்றோம்னு சொன்னா யாரும் தொட மாட்டாங்க.

பாண்டி லிவர்மோர்:
ஒரு மணி நேரத் தாமதமும் ரெண்டு நாள் தாமதமும் ஒண்ணா சார்? முகாமைப் பார்த்துக்கிற கேம்ப் ஹோஸ்ட்டுக்கு அந்தச் சலுகை கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது.

இரட்டைஅச்சு:
பணம் கட்டியாச்சுன்னா கட்டியாச்சு.

கூடாரவாசி:
காசு கட்டினா காலியாப் போட்டு வைக்கலாம். இதுதான் அண்ணாவோட நியாயம். குறிச்சு வச்சுக்கோங்க.

கடலோரம்:
சண்டையை விட்டுட்டு ஆக வேண்டியதைப் பாருங்க. ரத்து ஆகிற சைட்டுக்குத்தான் குறி வைக்கணும். வர்ற நாளன்னைக்கோ முந்தின நாளோ ரத்து பண்ணினா 10 டாலரோட முதல் ராத்திரிக் காசும் போயிடும். அதனால மனசு மாறினவங்க அதுக்கு முன்னாடியே கைகழுவுவாங்க. வெள்ளி வருகைக்குப் புதன் ராத்திரிதான் கடைசி வாய்ப்பு, அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து பாருங்க. ரெக்ரியேஷன் டாட் கவ்லயே சைட் காலியானா சொல்ற அறிவிப்பு வசதி இருக்கு, சைட் நம்பர் வாரியாப் போடுங்க. வந்த சேதியைப் பத்து நிமிஷம் கழிச்சுத் திறந்தா சைட் இருக்காது. அதுவும் இல்லைன்னா உள்ளூர்ப் பூங்கா: கவுன்டி பூங்காவான மவுண்ட் மடோனா, வட்டாரப் பூங்காவான ஆன்டனி ஷாபோ. எல்லாரும் டாஹோ ஏரிப் பக்கமே ஓடுறதால இதை மறந்துடுறாங்க.

இரட்டைஅச்சு:
ஷாபோ ஊருக்குள்ள இருக்கு. அதுக்கு வீட்டு டிரைவ்வேயிலயே நிறுத்திப் படுத்துக்கலாம். யோசெமிட்டி பள்ளத்தாக்குல ஹூக்கப் (கரண்ட், தண்ணி இணைப்பு) இல்ல, ஜெனரேட்டர் போட்டுச் சமாளிக்கிறவங்கதான் நிஜ கேம்பர்.

ஹிட்ச்பால்:
ஜெனரேட்டரா? காலை 7ல இருந்து சாயங்காலம் 7 வரைதான் அனுமதி, அதுவும் அளவா. ரெண்டு ராத்திரிக்கு அது தேவையே இல்ல. ஹீட்டர் விசிறி சுமார் 7 ஆம்ப் இழுக்கும், ராத்திரியில நாலு மணி நேரம் ஓடினா 28 ஆம்ப்-அவர். ரெண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரியைத் தொடராக் கோத்தா 220 கிட்ட வரும், பாதிதான் எடுக்கணும்னு வச்சாலும் 110. விளக்கு, தண்ணி பம்பு சேர்த்தும் மிச்சம் இருக்கும்.

இரட்டைஅச்சு:
காபி மெஷினை உங்க தாத்தா வந்து ஓட்டுவாரா?

ஹிட்ச்பால்:
டிகாஷன் போட அடுப்பு போதும். தாத்தாவை இழுத்தா மரியாதை கெடும்.

கூடாரவாசி:
பேச்சை மாத்தாதீங்க. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. வெள்ளியில இருந்து ரெண்டு ராத்திரி மட்டும் கேக்கிறவங்க, 7 மணிக்கு எழுந்தா கிடைக்குமா, கிடைக்காதா?

இரட்டைஅச்சு:
புதன்ல இருந்து கேட்டா கிடைக்கும்.

கூடாரவாசி:
நான் கேட்டது வெள்ளி!

இரட்டைஅச்சு:
நான் சொன்னது புதன். எட்டாம் தேதி காலை 6:55க்கு நான் உட்கார்ந்திருப்பேன். நீங்க பத்தாம் தேதி வந்து இன்னொரு இழை ஆரம்பிங்க.

பாண்டி லிவர்மோர்:
சார், அந்த வியாழன் செக்அவுட் விஷயத்துக்கு இன்னும் பதில் சொல்லல நீங்க.