குளுக்கோஸ் பாட்டில் ஏத்துனா உண்மையிலேயே தெம்பு வருமா?

கெடிலக்கரை:
அப்பாவுக்கு வயசு 61, சுகர் இருக்கு. ரெண்டு நாளா வயித்தால போவுது, வாந்தி இல்ல, கஞ்சி குடிக்கிறாரு. மஞ்சக்குப்பத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டுனேன், ஓஆர்எஸ் பாக்கெட் (தண்ணியில கலக்கிக் குடிக்கிற உப்பு-சர்க்கரப் பொடி) குடுத்து பாட்டில்லாம் வேணாம்னு அனுப்பிட்டாரு. அப்பாவுக்கு ஒரே கோவம், ஒரு பாட்டில் ஏத்தியிருந்தா எழுந்து நடமாடியிருப்பேன்றாரு. வேற எடத்துல போய் ஏத்திடலாமா?

முதுநகர்வாசி:
தாராளமா ஏத்துங்க. இங்க துறைமுகத்துல காய்ச்சல்னு படுத்தவங்க ஒரு பாட்டில் ஏத்திட்டு மறுநாளே கடலுக்குப் போறத கண்ணால பாத்திருக்கேன். வாயால குடிக்கிறது வயித்துல நின்னாதான உடம்புக்குப் போவும், அதான் ஓடிடுதே.

வில்லியனூர்_நர்ஸ்:
தம்பி, அவசரப்படாதீங்க. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டில்ல இருக்கிறது 25 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட அஞ்சு ஸ்பூன், 100 கலோரி வரும். ரெண்டு மூணு இட்லியில கெடைக்கிறது அவ்ளோதான். அதையும் சுகர் உள்ளவருக்கு நரம்புல நேரா விடணுமா?

முதுநகர்வாசி:
கணக்கு சரிக்கா, ஆனா ஏத்துனவங்க எழுந்து நடக்குறாங்களே அது பொய்யா?

வில்லியனூர்_நர்ஸ்:
பொய்யில்லண்ணா. தண்ணி வத்துனா ரத்தத்தோட அளவு கொறையும், பிரஷர் எறங்கும், எழுந்தா தல சுத்தும். பாட்டில்ல ஏத்துற உப்புத்தண்ணி உள்ள போனதும் பிரஷர் ஏறுது, அதத்தான் நாம தெம்புன்றோம். கூடவே காய்ச்சல் ஊசியும் போட்டிருப்பாங்க, ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில படுத்திருப்பாங்க, எல்லாம் சேந்து பாட்டில் பேருக்குப் போயிடுது. வயித்துல நிக்காதுன்னு சொன்னீங்கள்ல, அங்கதான் விஷயமே இருக்கு. பேதி ஆவும்போதும் குடல்ல ஒரு வழி கெடாம இருக்கும், சர்க்கரையும் உப்பும் கை கோத்து அந்த வழியா உள்ள போவும், தண்ணி பின்னாலயே இழுபட்டுப் போவும். வெறும் தண்ணி, கடையில விக்கிற குளுக்கோஸ் டப்பா ரெண்டும் இந்த வேலைய ஒழுங்கா செய்யாது, உப்பு வேணும். 1971ல வங்கதேச அகதி முகாம்ல காலரா வந்து பாட்டில் தீந்துபோனப்ப டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்த சர்க்கரை-உப்புக் கரைசலத்தான் டிரம்முல கலக்கி குடுத்தாரு, 100 பேருல 30 பேரு வரைக்கும் செத்துட்டிருந்த எடத்துல 4 பேருக்கும் கம்மியா கொறஞ்சுது. காலராவுக்கே அது போதும்னா உங்க அப்பாவுக்குப் போதாதா தம்பி?

முதுநகர்வாசி:
அப்ப பாட்டிலே தேவையில்லன்றீங்களா? எங்க அம்மாவ அதுதான் காப்பாத்துச்சு, அத நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

வில்லியனூர்_நர்ஸ்:
நான் அப்படி சொல்லவேயில்லண்ணா, நானே டெய்லி போடுறவ. குடிக்கிறதெல்லாம் வாந்தியா வந்தா, கண்ணு குழி விழுந்து ஒண்ணுக்கே போவலன்னா, மயங்கி மயங்கி விழுந்தா உடனே ஏத்தணும், ஒரு நிமிஷம் தள்ளக்கூடாது. டெங்குல வயித்துவலி, ரத்தக்கசிவுன்னு வந்தாலும் ஆஸ்பத்திரிதான். உங்க அம்மாவுக்கும் அந்த மாதிரி நெலம இருந்திருக்கும். நான் சொல்றது, கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்கிறவருக்கு ஏத்துறத. இதயம், கிட்னி வீக்கா இருந்தா தண்ணி நுரையீரல்ல தேங்கி மூச்சு முட்டும், ஊசி போட்ட எடம் வீங்கி சீழ் வச்சதையும் பாத்திருக்கேன்.

முதுநகர்வாசி:
அம்மாவுக்கு அப்ப நெனவே இல்ல, நீங்க சொன்னது சரிதான். ஆனாலும் வயசானவங்கள ரொம்ப நாள் வீட்லயே வச்சிப் பாக்காதீங்க தம்பி.

கெடிலக்கரை:
அக்கா, ஓஆர்எஸ்லயும் சர்க்கர இருக்கே, சுகர் ஏறாதா? நான் பாக்கெட்ட டம்ளர் டம்ளரா பிரிச்சுப் போட்டுக் குடுத்துட்டிருந்தேன், தப்பா?

வில்லியனூர்_நர்ஸ்:
தப்புதான், உப்பு கூடியோ கொறஞ்சோ போயிடும். பெரிய பாக்கெட்னா ஒரே தடவையா 1 லிட்டர் ஆறவச்ச தண்ணியில கரைச்சிடுங்க, சின்னதுன்னா அட்டையில போட்டிருக்கிற அளவு. 24 மணி நேரம் தாண்டுனா கொட்டிட்டு புதுசா கலக்குங்க. ஒவ்வொரு தடவ போய்ட்டு வந்ததும் ஒரு டம்ளர், மடமடன்னு இல்லாம கொஞ்சம் கொஞ்சமா. சர்க்கர லிட்டருக்கு 13.5 கிராம்தான், அதுக்குப் பயந்து நிறுத்தாதீங்க, சுகர மட்டும் செக் பண்ணிக்கிட்டே இருங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுறாருன்னா பேதி நிக்கிற வரைக்கும் போடலாமான்னு அந்த டாக்டருக்கு இப்பவே போன் போட்டுக் கேளுங்க.

கெடிலக்கரை:
போடுறாருக்கா. இப்பவே கேக்குறேன்.