சர்வர் பிங் ஆகிறது, ஆனால் பதில் இல்லை. லாக், டம்ப் எல்லாம் எடுத்தும் பிடிபடவில்லை

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில்தான். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்குகிற தொழிற்சாலை. எடை போட்டதும் தராசிலிருந்து கிலோ கணக்கு சர்வருக்கு வரும், ரசீது அச்சாகும், விவசாயிக்கு எஸ்எம்எஸ் போகும். உபுண்டு லினக்ஸ், ஜாவா 8, ஜாவா நிரலை ஓட்டும் டாம்கேட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எல்லாம் ஒரே பெட்டியில். ரேம் 16 ஜிபி, அதில் ஜாவாவுக்கு 4.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இலை வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற நேரமாகப் பார்த்து, திரை சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிங் ஆகிறது (நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கிறது), எஸ்எஸ்எச்சில் உள்ளே போக முடிகிறது, சிபியு 3 சதவீதம்கூட இல்லை. டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தால் உடனே சரியாகிவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வெளியே ஹாரன் சத்தம் ஆரம்பித்துவிடும். நனைந்த இலைக்கு எடை கழிப்பதில் ஏற்கெனவே சண்டை, இது வேறு.

சர்வரின் பதிவேடான லாகை, எல்லா விவரமும் எழுதும் டீபக் அளவுக்கு மாற்றினேன், இரண்டே நாளில் 11 ஜிபி. அதில் எர்ரர் என்று தேடினால் ஒன்றுமே இல்லை. போன செவ்வாய் தொங்கியபோது ஜேமேப் கருவியை வைத்து ஹீப் டம்ப் (ஜாவாவின் மெமரியில் இருந்ததன் நகல்) எடுத்து, அதை அலசும் எக்லிப்ஸ் மேட் கருவியில் திறந்தேன். மெமரி லீக் (விடுபடாமல் சேர்ந்துகொண்டே போகும் மெமரி) சந்தேகப் பட்டியலில் ரிப்போர்ட் கேஷ் ஒன்று 400 எம்பி என்று காட்டுகிறது. இதுதான் காரணமா? ஹீப்பை 8 ஜிபி ஆக்கலாமா? மேனேஜர் புது சர்வரே வாங்கிவிடலாம் என்கிறார்.

கொடை_சிஸ்அட்மின்:
வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். மெமரி பற்றாமல் திணறுகிற ஜாவா சும்மா உட்கார்ந்திருக்காது, பயன்படாத மெமரியைக் குப்பையாக அள்ளியே சிபியுவை ஏற்றிவிடும். உங்களுடையது 3 சதவீதத்தில் தூங்குகிறது என்றால் அது எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்காக என்பதை ஹீப் டம்பின் லீக் ரிப்போர்ட் சொல்லாது, ஒவ்வொரு த்ரெட்டும் (நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை) அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப்தான் சொல்லும்.

அடுத்த முறை தொங்கும்போது ரீஸ்டார்டில் கை வைக்கும் முன் இரண்டு நிமிடம் கொடுங்கள். த்ரெட் டம்ப் எடுக்கும் ஜேஸ்டாக்கை மூன்று முறை, பத்துப் பத்து வினாடி இடைவெளியில் ஓட்டி மூன்று ஃபைலாகச் சேமியுங்கள். டாம்கேட் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசரில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. ஜேஸ்டாக்கே பதில் சொல்லவில்லையென்றால் கில் -3 அடியுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ப்ராசஸ் சாகாது, டம்ப் டாம்கேட்டின் கேட்டலினா அவுட் ஃபைலில் விழும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது; மூன்றிலும் அதே வரியில் நகராமல் நிற்கிற த்ரெட் எது என்று பார்க்கத்தான் மூன்று. கூடவே எஸ்எஸ் கட்டளையில் திறந்திருக்கும் கனெக்‌ஷன்களையும் ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள்.

பிஎஸ் கட்டளையில் ப்ராசஸ் நிலை டி என்று காட்டினால் மட்டும் கதையே வேறு, அது டிஸ்க் பக்கம். அப்போது கெர்னல் லாகான டிமெசேஜில் 120 வினாடிக்கு மேல் முடங்கியதாக கெர்னல் புலம்பியிருக்கும்.

மலைப்பாதை_14:
கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளை) போட்டு தினமும் மூன்றரைக்கு ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள் ப்ரோ. நாலு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், நிம்மதி.

கொடை_சிஸ்அட்மின்:
@மலைப்பாதை_14 நிம்மதி உங்களுக்கு. உங்களுக்குப் பிறகு அந்த வேலைக்கு வரப்போகிறவரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

கோத்தகிரிக்காரன்:
நேற்று 4.40க்கு மாட்டியது. மூன்று டம்பும் எடுத்துவிட்டேன், மேனேஜர் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். 63 த்ரெட்கள், டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிக்காரி பூலில் கனெக்‌ஷன் கேட்டு நிற்கின்றன. பத்து த்ரெட்கள் மட்டும் வேறு மாதிரி, மூன்று டம்பிலும் ஒரே வரி: சாக்கெட்ரீட்0. அதற்குக் கீழே நாலைந்து வரி தள்ளி எங்கள் எஸ்எம்எஸ் அனுப்பும் கிளாஸ், அதற்கும் கீழே ரசீது சேமிக்கும் கிளாஸ். ஆனால் நிலை ரன்னபிள் என்று இருக்கிறதே, அப்படியானால் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? எஸ்எஸ்ஸில் எஸ்எம்எஸ் கம்பெனியின் 443 போர்ட்டுக்குப் பத்து கனெக்‌ஷன் எஸ்டாப் (இணைப்பு உயிரோடு) என்று நிற்கிறது. இத்தனைக்கும் நேற்று மதியம் மரம் விழுந்து ஃபைபர் அறுந்து, ரவுட்டர் 4ஜிக்கு மாறியிருந்தது.

நள்ளிரவு_டிபிஏ:
கடைசி வரியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

அந்த ரன்னபிள் எல்லாரையும் ஏமாற்றும். சாக்கெட்டிலிருந்து படிப்பது ஜாவாவுக்கு வெளியே, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் நடக்கிறது. அங்கே காத்துக்கிடப்பது ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்முக்குத் தெரியாது, ஓடுகிறது என்றே எழுதிவிடும். பத்து என்ற எண்ணைக் கவனித்தீர்களா? நீங்கள் மாற்றாமல் விட்டால் ஹிக்காரி பூலின் அளவு 10. ரசீதை டேட்டாபேஸில் போட்டு, கமிட் செய்யாமலே (உறுதிசெய்து முடிக்காமல், கனெக்‌ஷனையும் பூலுக்குத் திருப்பித் தராமல்) எஸ்எம்எஸ் அனுப்பப் போயிருக்கிறது உங்கள் நிரல். கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் வருவதற்குள் ஃபைபர் அறுந்து 4ஜி வந்தால் வெளி ஐபியே மாறிவிடுகிறது. எதிர்முனையின் பதில் இனி வராது, கனெக்‌ஷன் முடிந்தது என்று சொல்லவும் ஆள் இல்லை. ஜாவாவின் சாதாரண யூஆர்எல் கனெக்‌ஷனில் ரீட் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) 0, அதாவது எல்லையே கிடையாது. டிசிபி கீப்அலைவ் (எதிர்முனை இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிப்பது) காப்பாற்றும் என்றால், கேட்டு வாங்கினால்தான் அது உண்டு, கேட்டாலும் லினக்ஸில் முதல் சோதனை 7200 வினாடி கழித்துத்தான்.

ஒவ்வொரு முறை லைன் மாறும்போதும் ஒன்றிரண்டு த்ரெட் இப்படிச் சிக்கும். பத்தும் சிக்குகிற அன்று கடை மூடல். அதனால்தான் இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது, அதனால்தான் கூட்டம் அதிகமான நாலு மணிக்கு வெடிக்கிறது. போஸ்ட்கிரெஸின் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் பார்த்தால் பத்து வரி ‘ஐடில் இன் ட்ரான்சாக்‌ஷன்’ என்று, கமிட் ஆகாமல் நின்றிருக்கும்.

எஸ்எம்எஸ் அழைப்புக்குக் கனெக்ட் டைம்அவுட் 3 வினாடி, ரீட் டைம்அவுட் 5 வினாடி வையுங்கள். இன்றைக்கே. அப்புறம் சாவகாசமாக எஸ்எம்எஸ்ஸை ட்ரான்சாக்‌ஷனுக்கு வெளியே கொண்டுவந்து ஒரு டேபிளில் எழுதி, தனி வேலையாக அனுப்புங்கள். ஹிக்காரியில் லீக் டிடெக்‌ஷன் 20000 மில்லிசெகண்ட் போட்டால், கனெக்‌ஷனை எடுத்தவன் திருப்பித் தராதபோது லாகிலேயே அதன் ஸ்டாக் (எந்தெந்த வரி வழியாக வந்து நிற்கிறது என்ற பட்டியல்) வந்துவிடும்.

இன்னொன்று: லாகில் எர்ரரே இல்லை என்றீர்கள், நம்ப முடியவில்லை. 30 வினாடி காத்தபின் ஹிக்காரி கட்டாயம் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியும். யாரோ அதைப் பிடித்து டீபக் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

செவ்வாய் எடுத்த ஹீப் டம்பைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அதே மேட்டில் த்ரெட் ஓவர்வியூ இருக்கிறது, ஸ்டாக்கும் அந்த நேரத்து லோக்கல் வேரியபிள்களும் கிடைக்கும். ஆனால் உதவி கேட்கிறேன் என்று அந்த ஃபைலை இங்கே ஏற்றிவிட வேண்டாம் தம்பி. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எல்லாம் அதற்குள் அப்படியே எழுத்தாக இருக்கும்.

கோத்தகிரிக்காரன்:
அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே. பழைய டம்பைத் திறந்தேன், அதிலும் அதே பத்து த்ரெட். ஒன்றில் ‘42 கிலோ’ என்று எஸ்எம்எஸ் வாசகமே இருக்கிறது, ரசீது தேதி ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளாக ஒரே மெசேஜைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது! பதில் எனக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது, நான்தான் லீக் ரிப்போர்ட்டோடு மூடிவிட்டேன். 11 ஜிபி லாகிலும் அந்த 30 வினாடி வரி நூற்றுக்கணக்கில் கிடைத்தது, டீபக் என்ற தலைப்போடு. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், திட்டக்கூட ஆள் இல்லை.

டைம்அவுட் போட்டு ஆறு நாள் ஆகிறது. நடுவில் மூன்று முறை லைன் போனது, ரசீது ஒன்றுகூட நிற்கவில்லை. லைன் போகும்போது சிக்குகிற ஒன்றிரண்டு எஸ்எம்எஸ் மட்டும் போவதில்லை, அதற்கு ஒரே ஒரு விவசாயி போன் செய்து கேட்டார். தனி டேபிள் வேலை இந்த வாரம். மேனேஜர் இன்னும் புது சர்வருக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்.