லேப்ரடூடுல் வாங்கலாமா? சென்னை ஃபிளாட்டுக்குச் சரிப்படுமா?

மூணாம் மாடி, வேளச்சேரி

வணக்கம். ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், லிஃப்ட் உண்டு. அம்மாவுக்கு டஸ்ட் அலர்ஜி, அவ்வப்போது வீசிங். நாய் வேணும்னு பசங்க ஒற்றைக்காலில் நிற்கிறாங்க. லேப்ரடாரும் பூடுலும் கலந்த லேப்ரடூடுல் ஒண்ணு பார்த்திருக்கோம். விற்கிறவர் சொல்வது இது: "எஃப்1பி லேப்ரடூடுல், முடி கொட்டவே கொட்டாது, அலர்ஜி வராது, கே.சி.ஐ. பேப்பர் தர்றோம். ஆறு வாரக் குட்டி, இன்னைக்கே எடுத்துக்கலாம்." இதில் எதை நம்பலாம்? நம்ம ஊர் புழுக்கத்துக்கு அந்தச் சுருள் முடி தாங்குமா?

வம்சாவளி

நாலு சொல்லியிருக்கார், நாலும் இடிக்குது. கடைசியிலிருந்து வர்றேன்.

2017-ம் வருட நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கணும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்க. அடுத்தது, கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப், வம்சாவளி நாய்களைப் பதியும் அமைப்பு) கலப்பினங்களைப் பதிவு செய்வதில்லை. அவர் காட்டுவது தாய் அல்லது தகப்பனின் பேப்பராக இருக்கலாம். குட்டிக்கே பேப்பர் என்றால் அங்கேயே எழுந்து வந்துடுங்க.

அலர்ஜி விஷயத்துக்கு இந்த நாய் பிறந்த கதையே பதில். ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் சங்கத்தில் இருந்த வாலி கான்ரன், 1989-ல் லேப்ரடாரையும் ஸ்டாண்டர்டு பூடுலையும் சேர்த்தார். ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு நாய் தேவைப்பட்டது, கணவருக்கோ நாய் அலர்ஜி. பிறந்த குட்டிகள் மூணு. மூணின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் அந்தக் கணவருக்கு ஒத்துப்போனது ஒண்ணே ஒண்ணு. ஒரே ஈற்றில் இவ்வளவு வித்தியாசம்! பின்னாளில் இந்தக் கலப்பைத் தொடங்கியதற்காக வருத்தப்படுவதாகக் கான்ரனே சொன்னார்.

எஃப்1 என்றால் லேப்ரடாரும் பூடுலும் நேரடியாகச் சேர்ந்தது. அந்தக் குட்டி மறுபடி பூடுலோடு சேர்ந்தால் எஃப்1பி, அதாவது சுமார் முக்கால் பூடுல். எஃப்1-ஓடு எஃப்1 சேர்ந்தால் எஃப்2. பூடுலின் மீசை தாடியைத் தரும் மரபணு ஓங்கு பண்பு, ஒரு பிரதி இருந்தாலே தெரியும். எஃப்2-வில் சராசரியாக நாலில் ஒண்ணுக்கு அந்தப் பிரதி இருக்காது. லேப்ரடார் மாதிரியே முகமும் முடி கொட்டலும் வரும். எஃப்1பி-யில் முடி குறைவாகக் கொட்ட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். தாய் தகப்பன் ரெண்டையும் நேரில் பார்க்காமல், அது எஃப்1பி-யா என்பதே அவர் வாய்ச்சொல்தான்.

சிக்கெடுப்பான்

முடி கொட்டாது என்றால் என்ன அர்த்தம் தெரியுமா சார்? உதிர்ந்த முடி தரைக்கு வராமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்குது. பெருக்கும் வேலை மிச்சம், சீப்பு வேலை வந்து சேருது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் 20 முதல் 30 நிமிஷம் ஒதுக்கணும். தேவை ஸ்லிக்கர் பிரஷ் (வளைந்த மெல்லிய கம்பிப் பல் உள்ளது), நெருக்கமும் அகலமுமாகப் பல் உள்ள ஸ்டீல் சீப்பு, சிக்கு ஸ்ப்ரே. காலடியில் தொடங்கி மேலே போங்க. ஒரு கையால் முடியை மேல் நோக்கித் தூக்கிப் பிடிச்சு, கீழே ஒரு வரிசை மட்டும் விட்டு, தோல் தெரியும்படி பிரஷ் பண்ணுங்க. பிறகு அதே வரிசையில் ஸ்டீல் சீப்பு தடையில்லாமல் ஓடணும். மேலாக மட்டும் வாரினால் நாய் பஞ்சு மாதிரி அழகா இருக்கும், அடியில் கம்பளி மாதிரி கெட்டிச்சுக் கிடக்கும். காது பின்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, காலர் படும் இடம், வால் அடி: சிக்கு பிடிப்பது முக்கால்வாசி இங்கேதான். வீட்டில் இருக்கும்போது காலரைக் கழற்றிடுங்க.

சிக்கோடு குளிப்பாட்டக் கூடாது. தண்ணி பட்டுக் காய்ந்ததும் சிக்கு இறுகிடும், அப்புறம் மெஷின் போட்டு எடுக்கிறதுதான் வழி. முதலில் சீவல், அப்புறம் குளியல், மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை போதும். போர் தண்ணி உப்பாக இருந்தால் முடி சொரசொரப்பாகும். கடைசியாக அலச மட்டுமாவது நல்ல தண்ணி வெச்சுக்கோங்க. குளித்த பிறகு வேர் வரை ட்ரையர் போட்டு, சீவிக்கிட்டே காய வைக்கணும். இந்த ஈரக் காற்றில் தானாகக் காயும்னு விட்டால் பூஞ்சைதான். பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனால் அன்னைக்கே கால், வயிறு அலசிடுங்க.

எட்டு மாசத்திலிருந்து பதினாலு மாசம் வரை குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் காலம். அப்போது தினமும் சீவணும். பெரும்பாலானவங்க கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

உண்ணிக்கு எதிரி

வெட் கோணத்தில் சில விஷயங்கள்.

அலர்ஜியைத் தருவது முடி இல்லை. எச்சில், தோல் செதில், சிறுநீரில் இருக்கும் புரதங்கள். அதனால் முடி கொட்டாத நாயும் அதைச் சுமக்கும். அம்மாவை முதலில் அவங்க டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்க. அவர் சரின்னு சொன்னால், வளர்ந்த லேப்ரடூடுல் உள்ள வீட்டில் கதவை மூடி, ஒரு மணி நேரம் வீதம் மூணு நாலு நாள் உட்கார வைங்க, இன்ஹேலர் கையோட இருக்கட்டும். குட்டியிடம் சோதிச்சால் போதாது, அதன் தோலும் முடியும் பின்னாடி மாறும்.

தொங்கும் காது, உள்ளே முடி, சென்னை ஈரப்பதம், மூணும் சேர்ந்தால் காதில் ஈஸ்ட் தொற்று. வாரம் ஒரு தடவை காது கிளீனரை ஊற்றி, அடிப்பகுதியை 20-30 விநாடி பிசைஞ்சு, தலையை உதற விட்டு, வெளியே வருவதைப் பஞ்சால் துடைங்க. பட்ஸ் வேண்டாம். தொற்று இல்லாத காதில் முடியைப் பிடுங்கினால் அதுவே புண்ணாகலாம்.

அடர்ந்த முடியில் உண்ணி கண்ணுக்குத் தெரியாது. விரல் இடுக்கு, காது மடல் உள்பக்கம் தடவிப் பாருங்க. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா நோய் வந்தால் காய்ச்சல், சாப்பிடாமல் படுத்தல், பிளேட்லெட் இறங்குதல் என்று போகும். எடைக்கேற்ற உண்ணி மாத்திரையை வெட் சொன்னபடி கொடுங்க. வலிப்பு வந்த நாய் என்றால் முன்னாடியே சொல்லிடுங்க. நம்ம ஊர் பழுப்பு உண்ணி சுவர் இடுக்கில் முட்டையிடும், ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் தீராது.

வாங்கும் முன் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயும், பி.ஆர்.ஏ. என்ற விழித்திரை நோய்க்கான மரபணுச் சோதனையும் கேளுங்க. லேப்ரடார், பூடுல் ரெண்டிலுமே இது உண்டு. தாய் தகப்பன் ரெண்டுமே நோய் மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் பார்வை போகும் அபாயம் நாலில் ஒரு பங்கு. கலப்பினத்துக்கு நோயே வராதுன்னு சொல்வது இந்த இடத்தில் எடுபடாது.

மாநகராட்சி உரிமத்துக்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேணும், மைக்ரோசிப்பும் போடணும். செலவுக்கு யோசிப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

மூணாம் மாடி, வேளச்சேரி

ரொம்ப நன்றி. அந்தக் குட்டி வேண்டாம்னு சொல்லிட்டேன், வேற இடம் பார்க்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: சீவல் தொல்லைக்குப் பேசாமல் கத்திரி வெயிலுக்கு மொட்டை அடிச்சுட்டா என்ன?

சிக்கெடுப்பான்

திருப்பதி மொட்டை வேண்டாம் சார், தோல் வெந்துடும். முடி வெட்டும் மெஷினில் 4எஃப் பிளேடு போட்டால் ஒரு சென்டிமீட்டர் கிட்ட நிக்கும், அது போதும். ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டினால் சீவல் பாதியாகக் குறையும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளேடை உங்க மணிக்கட்டில் வெச்சுப் பாருங்க, சுட்டால் நிறுத்திடுங்க. வெயில் காலத்தில் வாக்கிங் காலை ஆறரைக்குள் முடியணும்.