மருந்து அடித்ததற்கும் அப்பாவின் நடுக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

தம்பலகாமத்து மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 66 வயது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் எங்கள் வயலுக்கு முப்பது வருடத்துக்கு மேலாக அவரே மருந்து அடித்தார். கடந்த மாதம் நரம்பியல் வைத்திய நிபுணர் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று கூறினார். சும்மா இருக்கும்போது அவருடைய வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் நெல்மணியைக் கசக்கிப் பார்ப்பது போல உரசிக்கொண்டே இருக்கின்றன. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் நடுக்கம் அடங்கிவிடுகிறது. கருவாடு பொரிக்கும் மணம்கூட அவருக்குத் தெரிவதில்லை என்று அம்மா நாலைந்து வருடமாகச் சொல்லிவந்ததை நாங்கள் பகிடியாகவே எடுத்துக்கொண்டோம். தாங்கியின் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதி எடுப்பது அவருடைய வழக்கம். இந்நோய்க்கு அதுதான் காரணமா? இப்போது தம்பி மருந்து அடிப்பதால் கேட்கிறேன்.

மருந்தாளர், திருகோணமலை:
சகோதரி, உங்கள் அப்பா ஒருவரை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனாலும் சந்தேகம் வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், எம்பிடிபி என்ற பொருள் கலந்த போலி ஹெரோயினை ஏற்றிக்கொண்ட சிலர், இளவயதிலேயே பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உடல் விறைத்துப் போனார்கள். அப்பொருள் உடலினுள் மாறி உருவாகும் நஞ்சு, பராகுவாட் என்ற களைநாசினியை அமைப்பில் ஒத்திருந்ததுதான் ஆராய்ச்சியாளர்களை விவசாய மருந்துகளின் பக்கம் திருப்பியது. அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், பராகுவாட்டையோ ரொட்டினோன் என்ற பூச்சிநாசினியையோ பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ரொட்டினோன், கலத்துக்குச் சக்தி தரும் உறுப்பான இழைமணியைத் தாக்குவது. பராகுவாட் ஒட்சியேற்றச் சேதத்தை, அதாவது தீவிரமாகத் தாக்கும் ஒட்சிசன் துணிக்கைகளால் கலங்களுக்கு ஏற்படும் சேதத்தை, உண்டாக்குவது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. எனினும் பிரான்ஸ் 2012இல் பார்க்கின்சன் நோயை விவசாயிகளின் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தலைச்சுற்றுக்கு அப்பா நெடுநாள் குளிசை எடுத்தாரா? சினரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவையும் இதே நடுக்கத்தையும் விறைப்பையும் தரக்கூடும். ஒரு பக்கத்தில் தொடங்கியதும் மணம் தெரியாமல் போனதும் பார்க்கின்சனையே சுட்டுகின்றன. ஆயினும் நிபுணரிடம் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கந்தளாய்க் கமக்காரன்:
பராகுவாட் இலங்கையில் 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டது; தற்கொலைச் சாவுகளே அதற்குக் காரணம், நடுக்கத்தைப் பற்றி அன்று எங்களில் எவரும் பேசவில்லை. தம்பிக்கு நான் சொல்லக்கூடியது, கையுறை போடச் சொல்லுங்கள் என்பதுதான். கையுறை அணிந்தவர்களிடம் ஆபத்து குறைவாக இருந்ததென்று அமெரிக்க ஆய்விலும் கண்டிருக்கிறார்கள். முதுகுத் தாங்கி கசிந்தால் வேலை முடியும்வரை அந்த நனைந்த சட்டையுடனேயே நிற்கிறோமே, வெயிலில் காய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு! முனை அடைத்தால் ஈர்க்குக் குச்சியால் குத்தி எடுக்கலாம்.

தம்பலகாமத்து மகள்:
இருவருக்கும் நன்றி. அப்பாவின் அலுமாரித் தட்டில் பார்த்தேன்; சினரிசின் அட்டைகள் மூன்று இருந்தன, ஒன்று பாதி தீர்ந்திருந்தது. கடையிலேயே கேட்டு வாங்கி இரண்டு வருடமாக எடுத்துவந்தாராம். அடுத்த கிளினிக்குக்கு அந்த அட்டைகளையும், அவர் அடித்த மருந்துகளின் பெயர்களை நினைவிலிருந்து சொல்லச் சொல்லி எழுதிய தாளையும் கொண்டு செல்கிறேன்.