பச்சைக் கொட்டையும் வறுத்த தூளும் விற்கும் கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்னில் வரி வரவை எப்படிக் கணக்கிடுவது?

ஏற்காட்டுக் காப்பிக்கடை:

அனைவருக்கும் வணக்கம். நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் பச்சைக் காப்பிக்கொட்டை வாங்கி, ஒரு பகுதியை அப்படியே சேலம் லீ பஜார் வியாபாரிகளுக்கு அனுப்பிவிட்டு, மீதியை வறுத்து அரைத்து ஏற்காட்டில் என் கடையிலேயே விற்கிறேன். வறுக்காத கொட்டைக்கு வரி இல்லை என்பதும் தூளுக்கு 5 சதவீதம் என்பதும் தெரியும். வறுக்கும் இயந்திரம், பொட்டலப் பைகள், ஆடிட்டர் கட்டணம் ஆகியவற்றுக்கு 18 சதவீத வரி கொடுத்திருக்கிறேன். காலாண்டு ரிட்டர்ன் போடும்போது இந்த வரி முழுவதையும் இன்புட் கிரெடிட்டாக, அதாவது நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவாக எடுத்துக்கொள்ளலாமா? கடை வாடகைக்கு விடுபவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாப்பேட்டைக் கணக்கர்:

முழுவதையும் எடுக்க முடியாது, ஐயா. ஆனால் பெரும்பகுதி கிடைக்கும். வறுக்கும் இயந்திரமும் தூளுக்கான பைகளும் வரி விதிக்கப்படும் சரக்குக்கு மட்டுமே பயன்படுவதால் அவற்றின் வரி முழுமையாக வரவாகும். பச்சைக் கொட்டை அனுப்ப மட்டும் வாங்கும் சாக்குகளின் வரி சிறிதும் வராது. ஆடிட்டர் கட்டணம் போல இரண்டுக்கும் பொதுவான செலவின் வரியைத்தான் ஜிஎஸ்டி விதி 42-இன்படி விற்பனை விகிதத்தில் பங்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு காலாண்டின் மொத்த விற்பனை 8 லட்சம், அதில் பச்சைக் கொட்டை 3 லட்சம், பொதுச் செலவுகளின் வரி 16,000 ரூபாய் என்றால், பச்சைக் கொட்டையின் பங்கான 6,000 ரூபாயை வரவிலிருந்து திருப்பிவிட்டு 10,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாம்.

காலாண்டு ரிட்டர்னான 3பி படிவத்தில் இந்த 6,000 ரூபாயைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்களைக் கொண்டு ஜிஎஸ்டி தளம் தரும் 2பி பட்டியலில் வந்த வரவை முதலில் அந்தப் படிவத்தின் 4(ஏ) பகுதியில் காட்டி, திருப்பும் தொகையை 4(பி)(1)-இல் தனியாகக் காட்டுவதே முறை. பச்சைக் கொட்டை விற்பனையை 3.1(சி)-யில் கட்டாயம் எழுதுங்கள். வரி இல்லாத விற்பனைதானே என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு ஆண்டுக் கணக்கு ஒத்துவராமல் தடுமாறுகிறார்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்:

வாடகையைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் வணிகக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருக்கும் பதிவுபெற்ற வியாபாரியே அந்த வாடகைக்கான 18 சதவீத வரியைக் கட்ட வேண்டும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டி, வரி வரவு எடுக்காத காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. வரி வரவு எடுக்கும் உங்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது. இந்த வரியை இன்புட் கிரெடிட்டைக் கொண்டு சரிக்கட்ட இயலாது, பணமாகவே செலுத்தி 3.1(டி)-யில் காட்ட வேண்டும். அதன்பின் அது உங்களுக்கு வரவாகும், ஆனால் கடை இரண்டு வகைச் சரக்குக்கும் பொதுவானது என்பதால் மேலே சொன்ன விகிதம் இதற்கும் உண்டு.

செவ்வாப்பேட்டைக் கணக்கர்:

நல்ல நினைவூட்டல். சேர்வராயன் மலைக்கே உரிய ஒரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பச்சைக் கொட்டை விற்பனை ஏறி, கோடை சீசனில் தூள் விற்பனை மேலோங்குவதால், விகிதம் காலாண்டுக்குக் காலாண்டு பெரிதும் மாறும். ஆகவே நிதியாண்டு முடிந்ததும் முழு ஆண்டு விற்பனையை வைத்து மறுபடியும் கணக்கிட வேண்டும் என்பதே விதி. குறைவாகத் திருப்பியிருந்தால் ஏப்ரல் 1 முதல் வட்டியுடன் கட்ட வேண்டியிருக்கும். கூடுதலாகத் திருப்பியிருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கில் உண்மையாகவே பணம் மிஞ்சும் வாய்ப்பு இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஏற்காட்டுக் காப்பிக்கடை:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சரக்கையும் நிறுக்கும் மின்னணுத் தராசும் இதே கணக்கில்தான் வருமா?

செவ்வாப்பேட்டைக் கணக்கர்:

தராசை மூலதனப் பொருளாகக் கணக்கில் வைத்திருந்தால் அதற்கு விதி 43. அதன் வரியை 60 மாதங்களுக்குப் பிரித்து, அந்தந்தக் காலத்துக்குரிய பங்கில் மட்டும் பச்சைக் கொட்டையின் விகிதத்தைத் திருப்ப வேண்டும். தமிழ்நாட்டில் காலாண்டு 3பி-க்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 22 என்பதால், அதற்கு முன்பே இரண்டு விற்பனைகளையும் தனித்தனியாகக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.